நிழல் விழாத தோப்பு

2025 ஜூன் 9, திங்கள்

இல்லை, அந்தத் தீவுக்கு நான் போனதில்லை. கடலையே ராமேஸ்வரத்தில் ஒருமுறை பார்த்ததோடு சரி. ஆனால் அந்தத் தீவின் எந்த ஓடை எந்த இடத்தில் கடலில் விழுகிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

விடுதி நடத்தும் லூர்தம்மாளிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. வேலைக்காக அங்கெல்லாம் கூட்டிக்கொண்டு போவார்களா என்று கேட்டார். படம்தான் வரும் என்றேன். வானத்திலிருந்து எடுத்த படம். அதில் காடு எது, வயல் எது என்று கோடு போட்டுக் கொடுக்க வேண்டும்.

"அப்ப நாள் பூரா மேலேருந்து பூமியப் பாக்குற. ஆண்டவரு பாக்குற வேலை" என்றார். இட்லிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் வாசலில் திரும்பி, "அவருக்கே சரியாத் தெரியல" என்றார்.

தாடிக்கொம்பு ரோட்டில் பெயிண்ட் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. வெயில் திரையில் அடிக்கிறது என்று ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே முப்பது பேர். வெளியே மழையா வெயிலா என்பது மதியச் சாப்பாட்டுக்கு இறங்கும்போதுதான் தெரியும். தீவின் படத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி அனுப்புகிறார்கள். நாங்கள் அதைக் கட்டம் என்போம். தீவுக்குப் பெயர் கிடையாது, எண்தான். எந்த நாடு என்று கேட்பதில்லை என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

எம்.எஸ்ஸி. புவியியல். மதுரையில் இரண்டு வருடம். நிலத்தைப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதற்கு வெளிக்கோடு போடுகிறேன்.

2025 ஜூன் 11, புதன்

இன்று புதிய வகை சேர்ந்தது: தோப்பு.

அலுவலகத்தை நடத்தும் சேவியர் சார் எல்லோரையும் நிறுத்தி வைத்து விளக்கினார். தானாக முளைத்தது காடு. மனிதன் நட்டது தோப்பு. "இந்த மேப்புல காடுன்னு வந்துட்டா ஒருத்தனும் கை வைக்க முடியாது. தோப்புன்னா எடுத்துக்கிருவான். ரோடு போடுவான், மில்லு கட்டுவான். அம்புட்டுதான் விசயம்."

ஆக, காட்டைக் காப்பாற்றுகிற வேலை. மனசுக்கு நன்றாக இருந்தது. அப்படி நினைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

தென்னையை அடையாளம் காண மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு. சேவுகம்பட்டிக்காரி, வீட்டைச் சுற்றித் தென்னை. மேலிருந்து பார்த்தால் தென்னை ஒரு நட்சத்திரம்: நடுவில் வெளிச்சம், சுற்றி மட்டைகள். மற்ற மரமெல்லாம் பூக்கோசு மாதிரி இருக்கும். "நட்சத்திரம் தெரிஞ்சா தோப்புன்னு போடு" என்றேன். அறிவுச்செல்வி அதைத் தன் திரையின் ஓரத்தில் சிறு தாளில் எழுதி ஒட்டிக்கொண்டாள். குஜிலியம்பாறைப் பக்கம். "எங்க ஊர்ல கருவேலந்தான்க்கா. தென்னைன்னா நீங்க சொல்றதுதான்" என்றாள்.

ஒவ்வொரு கட்டமும் மூன்று பேருக்குப் போகும். ஒருவர் போட்டது மற்றவருக்கு மூன்றும் முடிந்த பிறகுதான் தெரியும். இரண்டு பேர் ஒன்றுபோலச் சொன்னால் அதுதான் உண்மை. மூன்றாமவருக்கு ஸ்கோர் குறையும். என்னோடு அறிவுச்செல்வியும் அல் அமீனும்.

வட கரைச் சதுப்பு முழுக்க நட்சத்திரம். நானும் அறிவுச்செல்வியும் தோப்பு என்று போட்டோம். அமீன் காடு என்று போட்டான். ஏன்டா என்றால், "தோப்புன்னா வரிசை இருக்கணும்ல மதிக்கா? இது பாட்டுக்கு மொளச்சுக் கெடக்கு" என்றான். பழைய தோப்பில் வரிசை இருக்காது, விழுந்த நெற்று தானாக முளைக்கும் என்றேன். அவன் மறுபடி வாய் திறந்தான். நான் சொன்னேன்: "தேங்காயச் சட்னியில மட்டும் பாத்தவன்லாம் பேசக் கூடாது."

மொத்த அறையும் சிரித்தது. அவனும்தான். "நீங்க தென்னமரத்துலயே பொறந்தவுக. சொன்னாச் சரிதான்" என்று மாற்றிப் போட்டான்.

அமீன் டவுனுக்குள்ளேயே வளர்ந்த பேகம்பூர்ப் பையன். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில். அவன் தென்னையை எங்கே பார்த்தான்?

2025 ஜூன் 20, வெள்ளி

அமீனுக்கு ஸ்கோர் ஏறவே இல்லை. தோப்பு வருகிற இடத்திலெல்லாம் தயங்குகிறானாம். வேறு ஏதோ நகரத்தின் கூரைகளை எண்ணும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். என்னைச் செக்கர் ஆக்கியிருக்கிறார்கள். கட்டங்களை மொத்தமாகச் சேர்த்த பேட்ச் முழுவதையும் கடைசியில் பார்த்து அனுப்புவது இனி நான்.

வருத்தமா? கொஞ்சம். பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டான்.

2025 ஜூலை 2, புதன்

தென் கரை பேட்ச் போய்விட்டது. அங்கேயும் அதே சதுப்பு, அதே நட்சத்திரம், தோப்பு. நான்தான் அனுப்பினேன்.

நாங்கள் குறித்ததை வைத்து அவர்களுடைய இயந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது. இனி அதுவே குறிக்கும். மூன்றாவது ஆளாக, அமீன் இருந்த இடத்தில், இப்போது அதுதான். அது வரைந்த கோடுகளைப் பார்த்தேன். நட்சத்திரத்தைச் சுற்றி அது வளைகிற விதம் நான் வளைவது. மூலையில் அவசரப்படுவதும் நான்தான். என் குரலை வேறொருவர் வாயில் கேட்டது போல இருந்தது. எல்லோரும் பெருமையாகப் பார்த்தார்கள். நான் அந்தக் கட்டத்தை மூடிவிட்டேன்.

இன்னொன்று. வடக்குச் சதுப்பில், நட்சத்திரங்களுக்கு நடுவே, ஒரு நீலப் புள்ளி. தார்ப்பாய் நீலம். ஊரில் வைக்கோல் படப்புக்கு மேலே போடுவார்களே, அது. 'மற்றவை' என்று குறித்தேன். பிறகு அதே இடத்தின் வேறு தேதிப் படத்தைத் திறந்தேன். புள்ளி ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

தானாக நகராது. யாரோ அவிழ்த்து, சுமந்து, மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

எங்கள் வகைப்பட்டியலில் 'ஆள்' கிடையாது.

2025 ஜூலை 13, ஞாயிறு

சேவுகம்பட்டி. வீடு.

அப்பா வெள்ளை ஈயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். தென்னை மட்டையெல்லாம் கரிபிடித்துக் கிடக்கிறது. சாப்பிடும்போது கேட்டார்.

"அந்தத் தீவுல வெள்ள ஈ இருக்கா?"

"மேலேருந்து தெரியாதுப்பா."

"காய்ப்பு எப்படி?"

"அதுவும் தெரியாது."

"அப்பறம் என்னத்தப் பாக்குறீக அம்புட்டுப் பேரும்?"

அம்மா சிரித்துவிட்டார். நானும்.

சாயங்காலம் மோட்டார் நிறுத்த அவரோடு போனேன். வெயில் சாய்ந்திருந்தது. மரங்களின் நிழல் வரப்பைத் தாண்டி அடுத்த வயல்வரை கோடு கோடாகக் கிடந்தது. மரத்தைவிட நீளமாக ஒரு தண்டு, நுனியில் ஒரு கலைந்த தலை. ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி நடந்தேன். சின்ன வயதில் செய்வது போல.

நடுவில் நின்றுவிட்டேன்.

அந்தத் தீவின் வட கரையில் நான் ஒரு தண்டின் நிழலைக்கூடப் பார்த்ததில்லை.

2025 ஜூலை 14, திங்கள்

தேடினேன். இல்லை.

உச்சி வெயிலில் எடுத்த படமாக இருக்கலாம். நிழல் மரத்தின் காலடியிலேயே ஒடுங்கியிருக்கும். அப்படித்தான் இருக்கும்.

அப்படித்தான் இருக்க வேண்டும்.

2025 ஜூலை 24, வியாழன்

விமானத்திலிருந்து எடுத்த படங்கள் இன்று வந்தன. தாழப் பறந்து, காலை வெயிலில் எடுத்தவை. ஒவ்வொரு மட்டையும் தெரிகிறது.

முதலில் கடற்கரையைப் பார்த்தேன். மணலுக்குப் பின்னால் சில தென்னைகள், நிஜத் தென்னைகள், தீக்குச்சி தீக்குச்சியாக நிழலை நீட்டிக்கொண்டு நின்றன. மூச்சு விட்டேன். பிறகு வடக்குச் சதுப்புக்குப் போனேன்.

தண்டு இல்லை.

மட்டைகள் சேற்றிலிருந்தே நேராகக் கிளம்புகின்றன. அவற்றுக்கு அடியில் தண்ணீர் மின்னுகிறது. கடல் ஏறும்போது உள்ளே வந்து, இறங்கும்போது வெளியேறுகிற தண்ணீர். அதன் தடம் சேற்றில் நரம்பு நரம்பாக. எந்தச் சம்சாரி இதற்குள் இறங்கித் தென்னம்பிள்ளை வைப்பான்?

சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் படித்தேன். உப்பங்கழியில் வளர்கிற ஒரு வகைப் பனை. அடிமரம் சேற்றுக்குள்ளேயே படுத்துக் கிடக்கும், ஓலை மட்டும் மேலே வரும். தென்னைக்குப் பங்காளி முறை. தானாக வளர்வது. காடு.

தெரிந்த ஆள் என்று நினைத்து வேறு யாரோ ஒருவரின் தோளைத் தொட்டுவிடுவோமே. அதுதான் செய்திருக்கிறேன். ஆனால் தொட்டதோடு நிற்கவில்லை. இவர் எங்கள் ஊர்க்காரர் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர்கள் நம்பினார்கள். அவர்களைப் பார்த்து இயந்திரம் நம்பியது. இயந்திரம் சொன்னதை நான் சரிபார்த்து, சரி என்றேன்.

அமீன் சரியாகப் போட்டிருந்தான். தெரிந்து போடவில்லை. தெரியாததால் தயங்கினான், அவ்வளவுதான். எனக்குத் தயங்கத் தெரியவில்லை.

2025 ஜூலை 25, வெள்ளி

சேவியர் சாரிடம் காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு வெகுநேரம் பார்த்தார். பெரிதாக்கினார், சிறிதாக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தென் கரை போயிருச்சேம்மா" என்றார் கடைசியில்.

வடக்கு இன்னும் போகவில்லை சார் என்றேன்.

கிளையண்டுக்கு எழுதுவதாகச் சொன்னார், எழுதவும் செய்தார். வீட்டுக்குக் கிளம்பும் முன்பே பதில் வந்துவிட்டது. மனிதர் குறித்ததும் இயந்திரம் குறித்ததும் தேவைக்கு மேலேயே ஒத்துப்போகின்றன, மாற்றம் வேண்டியதில்லை, நன்றி.

ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும்? இரண்டும் ஒரே கண்.

2025 ஆகஸ்ட் 5, செவ்வாய்

தென் கரையின் புதிய படம் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள்.

வெட்டிவிட்டார்கள்.

பச்சை இருந்த இடம் காவி. நடுவில் வண்டிகள் போய்வந்த தடம். முதலில் வேறு கட்டத்தைத் திறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பழைய கோட்டை மேலே வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்துகிறது. நான் வளைந்த இடத்தில் வளைந்து, நிமிர்ந்த இடத்தில் நிமிர்ந்து.

ஓடைக்குத் தெற்கே ஓரிடத்தில் என் கோடு உள்ளே ஒடிந்து மறுபடி வெளியே வரும். அங்கே பாறை இல்லை, மேடு இல்லை. அதை வரையும்போது கரண்ட் போய் வந்தது, கை தவறியது. திருத்தச் சோம்பல். விட்டுவிட்டேன்.

வெட்டியவர்களும் அங்கே உள்ளே ஒடிந்து வெளியே வந்திருக்கிறார்கள். அந்த மூலையில் மட்டும் கொஞ்சம் மரங்கள் நிற்கின்றன. ஏன் நிற்கின்றன என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

2025 ஆகஸ்ட் 6, புதன்

சோறு இறங்கல. லூர்தம்மா காய்ச்சலான்னு நெத்தியத் தொட்டுப் பாத்தாக. கைதான் சூடா இருக்குன்னேன். என்னத்தச் சொல்ல. இந்தக் கையத்தான் என்ன செய்ய.

யோசி.

நீலத் தார்ப்பாய் வடக்கில்தான் இருக்கிறது. நேற்று தென் கரையோடு சேர்ந்து வந்த வடக்கின் விமானப் படத்திலும் இருந்தது. பக்கத்தில் ஒரு தோணி, கயிற்றில் துணி மாதிரி ஏதோ. வட கரை பேட்ச் திங்கட்கிழமை போகிறது. போனால் அங்கேயும் இதுதான்.

இன்று வடக்குக் கட்டங்களில் என் குறியைக் காடு என்று மாற்றினேன். உடனே சிவப்பு: பெரும்பான்மையோடு ஒத்துப்போகவில்லை. மூன்றில் இரண்டு வேண்டும். ஒன்று நான். ஒன்று இயந்திரம், அது மாறாது. மீதி அறிவுச்செல்வி.

2025 ஆகஸ்ட் 8, வெள்ளி

அறிவுச்செல்வியை டீக்கடைக்கு அழைத்துப் போனேன். செல்போனில் படம் எடுக்க முடியாது, அலுவலகத்தில் அனுமதி இல்லை. அதனால் வாயால்தான் சொன்னேன். தண்டு, நிழல், தண்ணீர், தார்ப்பாய். முழுக்கக் கேட்டாள். டீ ஆறிப்போனது.

"நட்சத்திரம்னா தோப்புன்னு நீங்கதானக்கா சொன்னீக."

"தப்பாச் சொல்லிட்டேன்."

"இப்பச் சொல்றதும் தப்புன்னா?"

திரையில் நிழலைத் தேடிப் பார், உன் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய் என்றேன். அவள் கண் என்று ஒன்றை நான் விட்டுவைத்திருக்கிறேனா?

திங்கட்கிழமை பார்க்கிறேன் என்றாள். மாற்றினால் ஸ்கோர் விழும், விழுந்தால் அமீன் மாதிரித் தன்னையும் தூக்கிவிடுவார்கள், வீட்டில் தன்னை நம்பித்தான் இருக்கிறார்கள் என்றாள். எல்லாம் நியாயம். படியேறும்போது முன்னால் போய்விட்டாள். எப்போதும் சேர்ந்துதான் ஏறுவோம்.

2025 ஆகஸ்ட் 11, திங்கள்

மதியம் வரை காத்திருந்தேன். அறிவுச்செல்வியின் குறி மாறவில்லை. மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

பேட்ச் என் திரைக்கு வந்தது. செக்கருக்கு இரண்டு பொத்தான்: ஏற்பு, நிராகரிப்பு. இரண்டாவதை இந்த அலுவலகத்தில் யாரும் தொட்டதில்லை. திருப்பி அனுப்பினால் அடுத்த வேலை வராது என்று சேவியர் சார் முன்பே சொல்லியிருக்கிறார். முப்பது பேர். வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழுத்தினேன். காரணம் கேட்டு ஒரு சின்னப் பெட்டி திறந்தது. 'தோப்பு அல்ல. காடு. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்' என்று எழுதினேன்.

எழுந்து சேவியர் சார் அறைக்குப் போய் நானே சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்

என் கணக்கு திறக்கவில்லை.

"நான் பூட்டலம்மா. அங்கேருந்து தானாப் பூட்டிருச்சு" என்றார் சேவியர் சார். மற்றவர்களோடு பொருந்தாத செக்கர் என்று இயந்திரமே ஒதுக்கிவிட்டதாம். பேட்ச் வேறு செக்கருக்குப் போகும். யார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கூப்பிட்டார்.

"நீ பொய் சொல்றவ இல்லன்னு தெரியும். ஆனா எனக்கு இப்பப் பாத்தாலும் அது தென்னையாத்தான் தெரியுது, மதி. என்ன செய்யச் சொல்ற?"

மாடிப்படியில் அமீன் நின்றிருந்தான். விஷயம் தெரிந்திருக்கிறது. வடகரைக் கட்டங்கள்தானே என்றான். ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுங்கக்கா. நானும் மாத்தித்தான போட்டேன்" என்றான்.

2025 ஆகஸ்ட் 29, வெள்ளி

அறிவுச்செல்வி விடுதிக்கு வந்தாள். லூர்தம்மாள் காபி கொடுத்தார். அவர் உள்ளே போனதும் சொன்னாள்.

"என்னையத்தான் செக்கர் ஆக்குனாக. நான்தான் ஏற்பு போட்டேன்க்கா."

தெரியும் என்றேன். தெரியாது. ஆனால் அந்த நிமிடத்தில் தெரிந்திருந்தது.

"எனக்கு மட்டும்னா போட்ருக்க மாட்டேன். பின்னாடி அம்புட்டுப் பேரும் நிக்கிறாக. ஒரு சத்தம் இல்ல." டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "நெழல் இருக்கான்னு பாத்தேன்க்கா."

"சரி."

"இல்லதான்."

காபியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்றாள். அப்போது நல்ல வெளிச்சம் இருந்தது.

2025 செப்டம்பர் 3, புதன்

தீவைக் கண்டுபிடித்துவிட்டேன்.

கடற்கரையின் வடிவம் மனப்பாடம். பொதுமக்களுக்கு இலவசமாகக் கிடைக்கிற செயற்கைக்கோள் படங்களில், நிலநடுக்கோட்டை ஒட்டித் தீவு தீவாகத் தள்ளிக்கொண்டே போனேன். பிறை போன்ற விரிகுடா, அதன் கீழே ஏழெட்டு ஓடைகள். அதேதான். அதற்குப் பெயர் இருக்கிறது. இரண்டு எழுத்து உச்சரிக்க வரவில்லை. சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

படம் சில நாளுக்கு ஒருமுறை புதிதாக வரும். வடக்கில் இப்போது மேகம்.

2025 செப்டம்பர் 7, ஞாயிறு

மேகம்.

2025 செப்டம்பர் 12, வெள்ளி

மேகம். நிலக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுக்க ஆள் கேட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பும் பேருந்தில் காலடியில் பூ மூட்டை, ஈரச் சாக்கு. சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். எதையாவது மூடி வைத்திருந்தாலே அடியில் என்ன இருக்கும் என்று தோன்றுகிறது.

2025 செப்டம்பர் 17, புதன்

மேகம். அதற்குள் ஒரு கிழிசல். அதன் வழியே ஒரு துண்டுப் பச்சை. வட கரைதானா என்று தெரியவில்லை. மூடிக்கொண்டது.

2025 செப்டம்பர் 22, திங்கள்

விலகியிருக்கிறது.

ஓடை முகத்திலிருந்து உள்ளே ஒரு காவிப் பட்டை. நேர்க்கோடு. இயற்கையில் அவ்வளவு நேராக எதுவும் இருக்காது. பாதிக்கு மேல் இன்னும் பச்சைதான். ஆனால் கோடு எந்தப் பக்கம் போகப்போகிறது என்று எனக்குத் தெரியும், அடுத்து எங்கே வளையும் என்பதும்.

தார்ப்பாய் தெரியவில்லை. இந்தப் படத்தில் தெரியாது. இதன் ஒரு புள்ளிக்குள் என் விடுதி அறை மாதிரி பல அறைகள் அடங்கிவிடும். அவர்கள் கிளம்பிவிட்டார்களா, அந்தப் பக்கம் போய்க் கட்டியிருக்கிறார்களா, யாராவது வந்து ஒரு வார்த்தை சொன்னார்களா? பச்சை, காவி. இதற்கு மேல் இந்தப் படம் பேசாது.

அந்தத் தீவுக்கு ஒரு வன அலுவலகம் இருக்கிறது. மின்னஞ்சல் முகவரியும். ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினேன். இந்த எல்லை தவறு. இங்கே இருப்பது நட்ட தோப்பு அல்ல, காடு. உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள், அல்லது இருந்தார்கள். இதை வரைந்தது நான். பெயர் போடாமல் அனுப்பலாம் என்று கொஞ்ச நேரம் இருந்தது. போட்டேன்.

வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டவள் நான். வினை எனக்கு மட்டும் வராது. அதனால் அனுப்புவதற்கு முன் சேவியர் சாருக்குப் போன் செய்தேன். வாசித்துக் காட்டினேன்.

"ஒம் பேரப் போட்டா எழுதிருக்க?"

"ஆமா சார்."

"ஆபீஸ் பேரு?"

"போடல. கேட்டா சொல்லித்தான் ஆகணும்."

அவருக்குப் பின்னால் விசைப்பலகைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வேலை நிற்கவில்லை போல. அறிவுச்செல்வியும் அதற்குள் இருப்பாள். செத்த நேரம் இரு என்றார். கதவைச் சாத்துவது கேட்டது. சத்தம் நின்றது.

"தென் கரையையும் சேத்து எழுது" என்றார். "அது நான் தலையாட்டி அனுப்புனது. என் பேரையும் போடு."

இன்னும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். வைத்துவிட்டார்.

தென் கரையைச் சேர்த்தேன். அவர் பெயரை என் பெயருக்குக் கீழே போட்டேன். அனுப்பினேன். லேப்டாப்பை மூடிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு துணி துவைக்கப் போனேன்.